பதினாறு வளைவுகள்: உள்ளக அஞ்சலோட்டத்தைப் பார்க்கும் முறை

அக்காவின் மகனுக்குப் பதின்மூன்று வயது. பள்ளிக்கூடத்தில் இல்ல மெய்வல்லுநர் போட்டிக்குப் பழக்கம் தொடங்கியதிலிருந்து கைபேசியில் ஓட்டப் போட்டிகளையே தேடித் தேடிப் பார்க்கிறான். போன கிழமை விறாந்தையில் இருந்து, 2024-ல் கிளாஸ்கோவில் நடந்த உலக உள்ளக சம்பியன்ஷிப்பின் ஆண்கள் 4×400 மீற்றர் அஞ்சலோட்ட இறுதியைப் போட்டுக் காட்டினான். கூரைக்குக் கீழே, நாலு பேர் ஆளுக்கு 400 மீற்றர் ஓடி ஒரு கோலைக் கைமாற்றுகிற ஓட்டம். பெல்ஜியம் 3 நிமிடம் 2.54 செக்கன், அமெரிக்கா 3 நிமிடம் 2.60 செக்கன். எட்டுச் சுற்று ஓடி வந்து இடைவெளி வெறும் 0.06 செக்கன்.

அவனுடைய கேள்வி அதைப் பற்றியதல்ல. "மாமா, உவையள் ஏன் கோல் வாங்க முதலே தள்ளுப்படுகினம்?"

நல்ல கேள்வி. இதற்குப் பதில் தெரிந்தால் உள்ளக அஞ்சலோட்டத்தில் முக்கால்வாசி விளங்கிவிடும். ஆனால் பதிலை ஓட்டக்காரரிடமிருந்து தொடங்க முடியாது. மைதானத்திலிருந்துதான் தொடங்க வேண்டும்.

வெளி மைதானத்தில் ஒரு சுற்று 400 மீற்றர். ஒருவர் ஒரு சுற்று ஓடிக் கோலைக் கொடுப்பார், நாலு பேர், நாலு சுற்று, கதை முடிந்தது. கூரைக்குக் கீழே அவ்வளவு பெரிய வட்டத்தைப் போட முடியாது. அதனால் அங்கே ஒரு சுற்று 200 மீற்றர். ஒருவருக்கு இரண்டு சுற்று, அணிக்கு எட்டு. சுற்றுக்கு இரண்டு வளைவு என்றால் மொத்தம் பதினாறு வளைவு. வெளியில் இதே தூரத்துக்கு எட்டு வளைவுதான். மீதி வித்தியாசம் எல்லாம் இந்தக் கூடுதல் எட்டு வளைவுக்குள்ளேதான் இருக்கிறது.

யாழ்ப்பாணத்தில் அப்படியொரு கூரை போட்ட ஓட்டத் திடல் கிடையாது. ஆனால் 200 மீற்றர் சுற்று நமக்குப் புதிதில்லை. துரையப்பா விளையாட்டரங்கு போலப் பெரிய இடம் எல்லாப் பள்ளிக்கூடத்துக்கும் வாய்க்காதே. சின்ன மைதானம் உள்ள பள்ளிகளில், வேப்ப மரத்துக்கும் கிணற்றடிக்கும் நடுவில் கிடைக்கிற இடத்தில் 200 மீற்றர்தான் கீறுவார்கள். நான் படித்த இடமும் அப்படித்தான். 400 ஓடுகிறவன் இரண்டு தரம் சுற்றி வரவேண்டும். உலக மெய்வல்லுநர் அமைப்பும் இப்போது விதிப்புத்தகத்தில் 'உள்ளகம்' என்ற பெயரை விட்டு 'ஷோர்ட் ட்ராக்' என்றே சொல்கிறது. குறுஞ்சுற்று என்று வைத்துக்கொள்ளலாம். கூரை இருக்கிறதா இல்லையா என்பதைவிடச் சுற்றின் அளவுதான் முக்கியம் என்பது அதன் பொருள். ஆகவே, ஐரோப்பாவில் குளிர்காலத்தில் நடக்கிற இந்தப் போட்டி ஒலிம்பிக் அரங்கைவிட நம் சின்னப் பள்ளிக்கூட வளவுக்குக் கிட்ட நிற்கிறது என்று நான் சொன்னால் சிரிக்க வேண்டாம்.

அந்த வளைவை எப்படிக் கீறுவார்கள் என்று பார்த்திருக்கிறீர்களா? விளையாட்டுச் சேர் நடுவில் ஒரு முளை அடிப்பார். அதில் கயிற்றைக் கட்டி, மற்ற நுனியைப் பிடித்துக்கொண்டு ஒருவன் அரைவட்டமாக நடப்பான். அவன் கால் போன வழியே பின்னால் இன்னொருவன் சுண்ணாம்புத் தூளைக் கொட்டிக்கொண்டு போவான். அது முதல் கோடு. அடுத்த கோட்டுக்குக் கயிற்றை ஒரு மீற்றர் நீட்டிப் பிடித்து மறுபடி ஒரு நடை.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்போம். கயிறு ஒரு மீற்றர் நீண்டால் அரைவட்டம் எவ்வளவு நீளும்? பை (π) தடவை ஒன்று, அதாவது 3.14 மீற்றர். முளைக்குக் கட்டிய கயிறு 17 மீற்றராக இருந்தாலும் சரி, 37 மீற்றராக இருந்தாலும் சரி, இந்த 3.14 மாறாது. மருமகன் இதை நம்பவே இல்லை. முற்றத்தில் ஈர்க்கை ஊன்றி நூல் கட்டிக் கீறிக் காட்டிய பிறகுதான் சரி என்றான்.

இதை ஓட்டத்தில் வைத்துப் பாருங்கள். முன்னால் போகிறவன் உள்கரையோடு ஒட்டி ஓடுகிறான். அவனை முந்தப் பார்க்கிறவன் ஒரு மீற்றர் வெளியே, அவன் தோளுக்குப் பக்கத்தில் ஓடுகிறான். ஒரு வளைவு முடியும்போது வெளியே ஓடியவன் மூன்று மீற்றருக்கு மேல் கூடுதலாக ஓடியிருப்பான். வெளி மைதானத்தில் 400 மீற்றருக்கு இரண்டு வளைவு, ஆறு மீற்றர் நட்டம். உள்ளகத்தில் நாலு வளைவு, பன்னிரண்டு மீற்றருக்கு மேல். இந்தத் தரத்தில் ஓடுகிறவர்கள் செக்கனுக்கு எட்டரை மீற்றருக்கு மேல் போகிறவர்கள். மூன்று மீற்றர் என்பது அவர்களுக்கு மூன்றிலொரு செக்கன். கிளாஸ்கோவில் தங்கத்துக்கும் வெள்ளிக்கும் நடுவில் இருந்தது அதில் ஐந்திலொரு பங்குதான்.

ஆகவே உள்ளக அஞ்சலோட்டத்தில் கோல் மட்டுமல்ல, ஓடுபாதையில் பிடித்த இடமும் கைமாறுகிறது. அந்த இடத்தைப் பிடிக்கத்தான் இவ்வளவு தள்ளுமுள்ளும்.

சரி, ஓட்டத்தைத் தொடக்கத்திலிருந்து பார்ப்போம். இறுதியில் வழக்கமாக ஆறு அணி, ஆறு பாதை. முதல் ஓட்டக்காரர்கள் ஒரே கோட்டில் நிற்கமாட்டார்கள், படிக்கட்டு மாதிரி ஒருவர் முன், ஒருவர் பின் நிற்பார்கள். முதல் இரண்டு வளைவும், அதாவது முதல் சுற்று, அவரவர் பாதையிலேயே ஓடவேண்டும். ஒரு மீற்றர் அகலப் பாதை என்றால் ஒரு பாதைக்கு இரண்டு தடவை 3.14, ஆறு மீற்றருக்குச் சற்றுக் கூட. அதனால் ஆறாம் பாதைக்காரர் முதல் பாதைக்காரரைவிட முப்பது மீற்றரளவு முன்னால் நின்று தொடங்குவார். முதல் தடவை பார்க்கிறவர்களுக்கு அவர் ஏற்கெனவே வென்றுவிட்டவர்போலத் தெரியும்.

இரண்டாம் வளைவு முடிந்ததும் ஒரு கோடு வரும். அதைத் தாண்டினால் பாதை கிடையாது, யாரும் உள்கரைக்கு வரலாம். ஆறு பேரும் ஒரே கதவுக்குள்ளால் ஒரே நேரத்தில் நுழையப் பார்ப்பது போலத்தான் இருக்கும், நல்லூர்த் தேரன்று வீதி முடக்கில் சனம் நெருக்கிற மாதிரி. முதலில் போய்ச் சேர்ந்தவர் உள்ளே, மற்றவர்கள் பின்னாலோ வெளியிலோ. அதனால்தான் முதல் ஓட்டக்காரர்கள் முதல் சுற்றை வெறிகொண்டு ஓடுவார்கள். 400 மீற்றர் ஓட்டமென்று பார்த்தால் அது அவ்வளவு புத்தியான ஓட்டமல்ல. இரண்டாம் சுற்றில் கால் இறுகிப்போகும். ஆனாலும் இடம் கிடைக்குமென்றால் அந்த வேதனைக்கு விலை உண்டு. வெளி மைதானத்தில் மிக வேகமானவரைக் கடைசிக்கு வைப்பது வழக்கம். உள்ளகத்தில், தொடக்கத்திலேயே பாயக்கூடிய ஒருவரை முதலில் வைக்கிற பயிற்றுநர்களைப் பார்க்கலாம். காரணம் இந்தக் கோடுதான்.

வளைவைப் பற்றி இன்னும் ஒன்று. ஒழுங்கை முடக்கில் சைக்கிளைச் சரிக்காமல் வேகமாகத் திருப்பினால் என்ன நடக்கும்? வேலிக்குள் போய்த்தான் எழும்பவேண்டும். ஓடுகிறவனுக்கும் அதே கணக்கு. உள்ளக வளைவின் ஆரை 17 மீற்றரளவு, வெளியில் 36.5 மீற்றர். மணிக்கு முப்பது கிலோமீற்றருக்கு மேல் ஓடுகிற 70 கிலோ ஆளை வெளி மைதான வளைவு பக்கவாட்டில் பதினைந்து கிலோ பாரத்தளவுக்கு வெளியே வீசுமென்றால், உள்ளக வளைவு முப்பது கிலோவுக்கு மேல் வீசும். அதனால் அங்கே வளைவுகளைச் சாய்வாகக் கட்டுகிறார்கள், வெளிப்பக்கம் உயர்ந்து உள்பக்கம் தாழ்ந்து, ஒரு பெரிய தட்டத்தின் விளிம்பு மாதிரி. பல அரங்குகளில் அடியில் மரப்பலகை, மேலே செயற்கை விரிப்பு. ஓடும்போது பலகை தடதடவென்று அதிரும். காணொளியில் சத்தத்தைக் கூட்டி வைத்துப் பாருங்கள், அது தனி ருசி.

இந்தச் சாய்வு வெளிப் பாதைக்காரருக்கு இரட்டை இலாபம். அவருடைய வளைவு அவ்வளவு இறுக்கமானதல்ல. மேட்டிலிருந்து நேர்ப்பகுதிக்கு இறங்கும்போது இறக்கத்தின் வேகமும் சேரும். முதல் பாதைக்காரருக்கு இரண்டும் இல்லை. இந்த அநியாயம் பெரிதாகிப் போனதால்தான் உலக உள்ளகப் போட்டியில் 200 மீற்றர் தனி ஓட்டத்தையே 2004-க்குப் பிறகு நிறுத்திவிட்டார்கள். எந்தப் பாதை விழுகிறதென்பதே பாதி முடிவு என்றால் அது என்ன போட்டி?

400 மீற்றரும் இலேசான ஓட்டமில்லை. 2018-ல் பேர்மிங்ஹாமில் நடந்த உலக உள்ளகப் போட்டியில் ஒரு தகுதிச் சுற்றில் ஓடிய ஐந்து பேருமே தகுதி நீக்கப்பட்டார்கள், பெரும்பாலும் வளைவில் கோட்டை மிதித்ததற்காக. அடுத்த சுற்றுக்குப் போக ஆளில்லை. இறுதியில் 44.92 செக்கனில் முதலாவதாக வந்த ஸ்பெயினின் ஒஸ்கார் ஹுசியோஸுக்கும் இதே கதி. கோட்டை மிதித்தார் என்று பதக்கம் போய்விட்டது, இரண்டாவதாக வந்தவரும் போனார், செக் நாட்டின் பாவெல் மஸ்லாக் சம்பியன் ஆனார். பார்த்த எனக்கே வயிறு எரிந்தது.

இனி மருமகனின் கேள்விக்கு வருவோம். முதல் ஓட்டக்காரர் இரண்டாம் சுற்றை முடிக்க வருகிறார். கோல் வாங்க ஆறு பேர் காத்து நிற்கிறார்கள். யார் எங்கே நிற்பது? தங்கள் ஆட்கள் கடைசி வளைவுக்குள் எந்த ஒழுங்கில் நுழைகிறார்களோ, அந்த ஒழுங்கில் உள்ளிருந்து வெளியாக நிற்கவேண்டும். முதலாவதாக நுழைந்த அணியின் ஆள் உள்கரையில், அடுத்தவர் அவருக்கு வெளியே, இப்படி. நடுவர் கை காட்டி நிறுத்துவார். வந்துகொண்டிருப்பவர்கள் அந்த வளைவின் தொடக்கத்தைத் தாண்டிய பிறகு, காத்து நிற்பவர்கள் இடம் மாறக்கூடாது. வளைவுக்குள் ஒருவர் இன்னொருவரை முந்தினாலும் மாறக்கூடாது. மாறினால் அணியே வெளியே.

அவ்வளவுதானே, பிறகு ஏன் தள்ளுப்படுகிறார்கள்? ஏனென்றால், ஆறு பேர் ஒரு மீற்றர் ஒரு மீற்றராக அடுக்கி நிற்கும்போது, மூச்சு முட்டி, கண் இருண்டு, கால் கட்டையாகி ஆறு பேர் அவர்களை நோக்கி வருகிறார்கள். வாங்கியவர் பாய்ந்து ஓட, கொடுத்தவர் தள்ளாடி நிற்க, சில மீற்றருக்கு அப்பால் அடுத்த வளைவு வந்துவிடுகிறது. நேர்ப்பகுதி ஐம்பது மீற்றர்கூட இல்லை. அந்த வளைவுக்கு முன் உள்கரையைப் பிடிக்காவிட்டால் மூன்று மீற்றர் போச்சு. முழங்கை பேசத்தான் செய்யும்.

கோல் மாற்றும் விதிகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கோல் வழுவழுப்பான வெறுங்குழாய், 28 முதல் 30 சென்ரிமீற்றர் நீளம், 50 கிராமுக்குக் குறையக்கூடாது. கையுறை போடக்கூடாது, பிடிமானத்துக்கென்று கையில் எதையும் பூசக்கூடாது. மாற்றும் வலயம் 20 மீற்றர், அதற்குள் கோல் முழுதாகக் கைமாற வேண்டும். கவனியுங்கள், ஆள் எங்கே நிற்கிறார் என்பதல்ல, கோல் எங்கே இருக்கிறது என்பதுதான் கணக்கு. 4×100-ல் வாங்குபவர் திரும்பிப் பார்க்காமல் கையைப் பின்னால் நீட்டிக்கொண்டு ஓடுவார். 4×400-ல் பார்த்துத்தான் வாங்குவார்கள், ஏனென்றால் கொண்டு வருபவர் என்ன நிலையில் வருவார் என்று சொல்ல முடியாது. பெரும்பாலும் இடக்கையால் வாங்குவார்கள். மைதானத்தின் உட்பக்கம் பார்த்துத் திரும்பி நிற்க அதுதான் வசதி. பிறகு ஓடும்போதே வலக்கைக்கு மாற்றிக்கொள்வார்கள். கோல் விழுந்தால், யார் கையிலிருந்து விழுந்ததோ அவர்தான் எடுக்கவேண்டும். இந்தக் கடைசி விதியை நினைவில் வையுங்கள், பிறகு வேலையிருக்கிறது.

நேரக் கணக்கையும் பார்த்துவிடுவோம், இங்கேதான் நம்மவர்கள் ஏமாறுகிறார்கள். 1991-ல் செவில்லில்தான் இந்த அஞ்சலோட்டம் உலக உள்ளகப் போட்டியில் சேர்ந்தது. ஜேர்மனி 3:03.05-ல் வென்றது. 2025-ல் நான்ஜிங்கில் அமெரிக்கா வென்ற நேரம் 3:03.13. முப்பத்துநாலு வருடம் கழித்தும் மெதுவாகவா ஓடுகிறார்கள் என்று கேட்கலாம். பதினாறு வளைவிலும் யாரோடு முட்டினார்கள், எத்தனை தடவை வெளியால் சுற்றினார்கள் என்பதெல்லாம் அந்த நேரத்துக்குள் கிடக்கிறது. இலங்கை ஆண்கள் அணி 2023-ல் பாங்கொக் ஆசிய சம்பியன்ஷிப்பில் 3:01.56-ல் ஓடி இந்தியாவை முந்தித் தங்கம் வென்றது. அதே மூச்சில், 2018-ல் பேர்மிங்ஹாமில் போலந்து அணி உள்ளக உலக சாதனையாக ஓடிய நேரம் 3:01.77. அப்படியானால் நம் பெடியள் உலக சாதனை அணியைவிட வேகமா? இல்லை. பாங்கொக் வெளி மைதானம், எட்டே வளைவு. வெளி மைதானத்து உலக சாதனை 1993-ல் ஸ்ருட்கார்ட்டில் அமெரிக்கா ஓடிய 2:54.29. கிணற்றுத் தண்ணீரையும் குளத்துத் தண்ணீரையும் ஒரே வாளியால் அளந்து என்ன பயன்?

அந்தப் போலந்து ஓட்டத்தைத் தேடிப் பாருங்கள். இதுவரை நான் சொன்னதற்கெல்லாம் எதிரான சாட்சி அது. கடைசி ஆளாக அமெரிக்காவின் வேர்னன் நோர்வூட் முன்னால் போகிறார், உள்கரை அவர் கையில். போலந்தின் யாகுப் க்ஷெவினா அவருக்குப் பின்னால். என் கணக்குப்படி க்ஷெவினாவுக்கு வழியே இல்லை. ஆனால் கடைசி நேர்ப்பகுதியில் நோர்வூட் கால் கனத்துப் போக, க்ஷெவினா வெளியால் வந்து பறித்துவிட்டார். 3:01.77-க்கு 3:01.97. இரண்டு அணியுமே பழைய சாதனையை உடைத்தன, தங்கம் ஒன்றுக்குத்தானே. இடம் இருந்தால் வெல்லலாம், அதைக் கடைசி மீற்றர் வரை வைத்திருக்கக் காலும் வேண்டும்.

மருமகன் இதற்குள் அடுத்த கேள்வியைப் போட்டான். "மாமா, நீங்கள் ஓடேக்க இதெல்லாம் தெரியுமோ?"

தெரியாது. அதனால்தான் சொல்கிறேன். பத்தாம் வகுப்பில் எங்கள் இல்லத்து 4×400-க்கு நான் மூன்றாவது ஆள். 200 மீற்றர்ப் புல்தரை, சுண்ணாம்புக் கோடு, ஓரமாக இல்லக் கூடாரங்கள், குருத்தோலைத் தோரணம், சோடாக் கடை. எங்கள் இரண்டாவது ஆள் கடைசி வளைவுக்குள் இரண்டாவதாக நுழைந்தான். சேர் என்னை உள்ளிருந்து இரண்டாவது இடத்தில் நிறுத்தினார். வளைவு முடியும்போது அவன் மற்ற இல்லத்துக்காரனை வெளியால் சுற்றி முந்திவிட்டான். இப்போது யோசித்தால் மூன்று மீற்றர் கூட ஓடியிருக்கிறான், பாவி. நான் சந்தோசத்தில், "எங்கட ஆள்தானே முன்னுக்கு" என்று உள்கரைக்குத் தாவினேன். அங்கே நின்றவன் தோளோடு தோள் முட்டினான். நீட்டிய கோல் என் விரலில் பட்டு, விழுந்து, உருண்டு, பக்கத்துக் கூடாரத்துக் குருத்தோலைக்கு அடியில் போய்விட்டது.

கொண்டு வந்தவன் முழங்காலில் கைவைத்து இரைத்துக்கொண்டு நிற்கிறான். கோல் இன்னும் என் கைக்கு வரவில்லை, அதனால் எடுக்கவேண்டியவன் அவன். எனக்கு அதெல்லாம் ஓடவில்லை. ஓலையை விலக்கி, கோலைப் பொறுக்கிக்கொண்டு பறந்தேன். வளைவில் நின்ற நடுவர் அப்போதே சிவப்புக் கொடியை உயர்த்திவிட்டாராம். நான் காணவில்லை. இரண்டு சுற்றும் ஓடி, ஒருவனை முந்தி, கடைசி ஆளின் கையில் கோலைப் பத்திரமாக வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தேன். எங்கள் கூடாரத்தில் ஒருவரும் கைதட்டவில்லை.